உயிர் காக்கும் எழுத்து

பத்தாம் வகுப்புக்கு வந்த நாள் முதல் எங்களை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு. "பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுக்கப் போகிறாய்?" என்பதே அது. ஊரிலிருந்து வரும் பெரியப்பா கேட்கிறார். பேருந்தில் பக்கத்தில் அமரும், முன்பின் அறியாத அம்மாள் கேட்கிறார். "பிறருக்கு உதவும் வேலை செய்ய ஆசை" என்று நாங்கள் சொன்னால், "அப்படியானால் உயிரியல் எடு. டாக்டராகலாம், இல்லாவிட்டால் நர்ஸாகலாம்" என்கிறார்கள். "கணக்கு பிடிக்கும்" என்று சொன்னால், "கம்ப்யூட்டர் எடு. கை நிறையச் சம்பளம் வரும்" என்கிறார்கள்.

இவ்விரு விடைகளும் அன்பினால் சொல்லப்படுபவையே. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது. தொண்டு அந்தப் பக்கம், கணிப்பொறி இந்தப் பக்கம். நோயாளியின் அருகில் நிற்பவள் சேவை செய்கிறாள். கணிப்பொறியின் முன் அமர்பவள் சம்பாதிக்கிறாள். இச்சுவர் நமக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. அதை விளக்க, நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு தொழிலை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். மனித உடலுக்குள் பொருத்தப்படும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் பொறியாளரின் தொழிலே அது.

நம் இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்னும் சிறு திசு ஒன்று இருப்பதை அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை அது மின் துடிப்பை எழுப்புகிறது. அத்துடிப்பு பரவ, இதயம் சுருங்கி விரிகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை, நாம் உறங்கும்போதும், தேர்வுக்குப் பயந்து நடுங்கும்போதும், அது தன் கடமையைச் செய்கிறது. அக்கணு சோர்ந்து போனாலோ, துடிப்பு செல்லும் பாதை தடைப்பட்டாலோ இதயம் மிக மெதுவாகத் துடிக்கும். தலை சுற்றும், மயக்கம் வரும், உயிரே போகவும் கூடும். அப்போது மருத்துவர் பொருத்துவதே பேஸ்மேக்கர். கழுத்தெலும்புக்குக் கீழே தோலின் அடியில் அது அமர்கிறது. அங்கிருந்து மெல்லிய கம்பி ஒன்று இரத்தக் குழாய் வழியே இதயத்துக்குள் செல்கிறது.

இக்கருவி பிறந்த கதை நாம் அனைவரும் அறிய வேண்டியது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் லில்லஹை என்னும் அறுவை மருத்துவர் குழந்தைகளின் இதயக் குறைகளைச் சரி செய்து வந்தார். அறுவைக்குப் பின் சில குழந்தைகளின் இதயத்தை மின்சாரத் துடிப்பால் தாங்க வேண்டியிருந்தது. அதற்கான கருவி பெரியது. சுவரிலுள்ள மின் இணைப்பில் மாட்டப்பட வேண்டியது. 1957 அக்டோபர் 31 அன்று நகரில் மின்சாரம் தடைப்பட்டது. அந்த நிகழ்ச்சிக்குப் பின் லில்லஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்த்து வந்த எர்ல் பேக்கன் என்பவரிடம், பேட்டரியால் இயங்கும் கருவி ஒன்று செய்து தரக் கேட்டார். இசை பயில்வோர் தாளம் தவறாமலிருக்க வைத்துக் கொள்ளும் மெட்ரோனோம் என்னும் கருவியின் மின்சுற்று ஒன்றை ஒரு பத்திரிகையில் கண்டிருந்த பேக்கன், அதையே அடிப்படையாகக் கொண்டு சில வாரங்களில் ஒரு சிறு பெட்டியைச் செய்து கொடுத்தார். குழந்தையின் உடலோடு கட்டிக்கொள்ளத் தக்க பெட்டி அது. தாளம் சொல்லும் சுற்று, இதயத்துக்குத் தாளம் சொல்லிற்று.

மறு ஆண்டு, 1958 அக்டோபர் 8 அன்று, சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்னும் 43 வயது நோயாளிக்கு முதன்முதலாக உடலுக்குள்ளேயே பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அவர் நாள்தோறும் பல முறை நினைவிழந்து விழுந்து கொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்ஸ் மேரி, அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாமல் வற்புறுத்தினார். இன்னும் ஆராய்ச்சி முடியவில்லை என்று சொன்னவர்களை அவர் விடவில்லை. கருவியைச் சுற்றி ஊற்றிய பிசினுக்கு ஷூ பாலிஷ் டப்பாவே அச்சாயிற்று! பொருத்திய முதல் கருவி சில மணி நேரத்தில் நின்று போனது. உடனே இரண்டாவது கருவியைப் பொருத்தினார்கள். லார்சன் தம் வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகளைப் பயன்படுத்தி, 2001இல் 86ஆம் வயதில் காலமானார். தம்மைக் காத்த பொறியாளரையும் மருத்துவரையும் விட நீண்ட காலம் அவர் வாழ்ந்தார். ஒரு மனைவியின் பிடிவாதம் மருத்துவ வரலாற்றையே திருப்பிற்று என்றால் அது மிகையாகாது.

அந்த முதல் கருவியில் மென்பொருள் ஏதும் இல்லை. இரண்டே டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதற்குத் தெரிந்தது ஒரே வேகம்தான். மனிதர் நடந்தாலும் படுத்தாலும் அது ஒரே சீராகத் தட்டிக் கொண்டிருக்கும். இன்றைய கருவிக்குள்ளோ ஒரு சிறு கணிப்பொறியே இருக்கிறது. அக்கணிப்பொறிக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைத் தொகுப்புக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். நம் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு புரோகிராமை விருப்பம்போல் ஏற்றலாம், நீக்கலாம். ஃபர்ம்வேர் அப்படியன்று. அது கருவியோடு பிறந்து, கருவியோடு வாழ்வது.

அக்கட்டளை எப்படி இருக்கும் என்று எளிய எடுத்துக்காட்டால் பார்ப்போம். நோயாளியின் இதயம் நிமிடத்துக்கு 60க்குக் குறையாமல் துடிக்க வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் இரு துடிப்புகளுக்கிடையே ஒரு நொடிக்கு மேல் போகக் கூடாது. ஃபர்ம்வேர் ஒரு கடிகாரத்தை ஓட விடுகிறது. ஒரு நொடிக்குள் இதயம் தானாகவே துடித்து விட்டால், கருவி வாய் திறக்காமல் கடிகாரத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓட விடுகிறது. நொடி முடிந்தும் துடிப்பு வராவிட்டால் மட்டும் சிறு மின் துடிப்பை அனுப்புகிறது. தேவைப்படும்போது உதவி, தேவையில்லாதபோது மௌனம். நல்ல துணைக்கு இதைவிட வேறு இலக்கணம் உண்டோ?

பேஸ்மேக்கரோடு இது முடிந்து விடவில்லை. இதயம் தாறுமாறாக நடுங்கத் தொடங்கும்போது பலத்த மின் அதிர்ச்சி கொடுத்து அதை நிலைக்குக் கொண்டு வரும் டிஃபிப்ரிலேட்டர் என்னும் கருவியும் உடலுக்குள் பொருத்தப்படுகிறது. நெருங்கிய ஒருவரை இதய நோய்க்குப் பறிகொடுத்த மிஷெல் மிரோவ்ஸ்கி என்னும் மருத்துவர், அவ்வேதனையிலிருந்து பிறந்த எண்ணத்தை ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு 1980இல் பால்டிமோர் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திக் காட்டினார். ஆஸ்திரேலியாவில், காது கேளாத தந்தையோடு வளர்ந்த கிரேம் கிளார்க் என்னும் மருத்துவர், 1978இல் மெல்போர்ன் நகரில், கேட்கும் திறனை இழந்த ஒருவரின் உட்செவியில் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். இன்று பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் பலர் இவ்வகைக் கருவியால் தாயின் குரலைக் கேட்கிறார்கள். ஒலியை எடுத்து, பிரித்து, எந்த மின்முனைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு அனுப்புவதும் யாரோ ஒருவர் எழுதிய மென்பொருளே.

இத்தகைய எழுத்தை எழுதும் பொறியாளரின் வேலை எப்படிப்பட்டது? முதலாவதாக, அது சிக்கனத்தின் வேலை. பேஸ்மேக்கரின் பேட்டரியை நம் கைப்பேசியைப் போல் இரவில் சார்ஜ் போட முடியாது. பேட்டரி தீர்ந்தால் மீண்டும் கத்தி வைத்து, கருவியையே மாற்ற வேண்டும். இன்றைய கருவிகள் பொதுவாகப் பத்து ஆண்டு அளவில் உழைக்கின்றன. பொறியாளர் தேவையற்ற ஒரு கணக்கைக் கருவிக்குள் வைத்தால், அது ஒரு நாளில் லட்சம் முறை நடந்து, சொட்டுச் சொட்டாகப் பேட்டரியைக் குடித்து விடும். ஆகவே அவர் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு துளி மின்சாரமும், எங்கோ உள்ள ஒரு பாட்டிக்கு அடுத்த அறுவையைச் சில நாள் தள்ளிப் போடுகிறது.

இரண்டாவதாக, அது பொறுமையின் வேலை. 2006இல் வெளியான ஐஇசி 62304 என்னும் பன்னாட்டு விதித் தொகுப்பு, மருத்துவ மென்பொருளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. பிழை நேர்ந்தால் தீங்கு வராது என்றால் ஏ வகை. சிறு தீங்கு வரலாம் என்றால் பி வகை. உயிர் போகலாம், அல்லது பெருங்காயம் ஏற்படலாம் என்றால் சி வகை. பேஸ்மேக்கரின் துடிப்பை ஆளும் மென்பொருள் இக்கடைசி வகையைச் சேர்ந்தது. அங்கே எழுதப்படும் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் காட்ட வேண்டும். எந்தத் தேவைக்காக எழுதினோம், எந்தச் சோதனையால் அதைச் சரி பார்த்தோம் என்று பதிவு செய்ய வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் வரி வரியாகப் படித்துக் குறை காண வேண்டும். சிறிய மாற்றம் ஒன்றைச் செய்தாலும் அது வேறெங்கேனும் தீங்கு செய்கிறதா என்று மீண்டும் சோதிக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இத்தொழிலுக்கே சொன்னதுபோல் இருக்கிறது.

மூன்றாவதாக, அது தாழ்மையின் வேலை. தாம் எழுதியது தவறாகப் போகக்கூடும் என்று முன்னரே ஒப்புக்கொண்டு, அதற்கு வழி செய்து வைப்பவரே இங்கு நல்ல பொறியாளர். இக்கருவிகளில் 'வாட்ச்டாக்', அதாவது காவல் நாய், என்று பெயரிட்ட ஓர் ஏற்பாடு உண்டு. "நான் நலமாக இருக்கிறேன்" என்று முக்கிய மென்பொருள் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அதனிடம் அறிவித்துக் கொண்டே இருக்க வேண்டும். அறிவிப்பு வரவில்லையானால், மென்பொருள் எங்கோ சிக்கிக் கொண்டது என்று முடிவு செய்து, காவல் நாய் அதைத் தட்டி எழுப்பி மீண்டும் தொடங்க வைக்கும். அதற்கிடையிலும் இதயம் நின்று விடாதபடி, எளிய, உறுதியான மாற்று வழி ஒன்று துடிப்பைத் தந்து கொண்டிருக்கும்.

இத்தாழ்மை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு வரலாறே சான்று. 1985க்கும் 1987க்கும் இடையில், அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியால் புற்றுநோயாளிகள் ஆறு பேர் அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் சிலர் இறந்தனர். அது உடலுக்குள் பொருத்தும் கருவியன்று. ஆயினும் மருத்துவ மென்பொருள் எழுதுவோர் அனைவருக்கும் அது பாடமாகி விட்டது. முந்தைய மாதிரிக் கருவியில், தவறு நேர்ந்தால் தடுக்கும் இயந்திரப் பூட்டுகள் இருந்தன. மென்பொருளின் மேல் வைத்த நம்பிக்கையால் புதிய கருவியில் அவற்றை நீக்கி விட்டார்கள். பழைய மென்பொருளில் ஒளிந்திருந்த பிழைகளை அப்பூட்டுகளே இதுவரை மறைத்து வந்தன என்பது பின்னரே தெரிந்தது.

இதில் எங்கள் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. அதிக அளவு கதிர்வீச்சு வெளிவருவது இயலாத காரியம் என்று முதலில் பதில் வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், கருவியை இயக்கிய பெண் தாம் அன்று எந்த வரிசையில் எந்த எழுத்தைத் தட்டினோம் என்று நினைவு கூர்ந்தார். அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் அவரும் சேர்ந்து மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்தார்கள். தவறாக அடித்த ஓர் எழுத்தை மிக விரைவாகத் திருத்தும்போது மட்டும் பிழை எழுகிறது என்று கண்டுபிடித்தார்கள். பெரிய நிபுணர்கள் காணாததை, தம் அன்றாட வேலையைக் கவனமாகச் செய்த ஒரு பெண்ணின் நினைவு காட்டிக் கொடுத்தது. இவ்விபத்துகளை முழுமையாக ஆராய்ந்து, நான்சி லெவ்சன் என்னும் பெண் அறிஞர், கிளார்க் டர்னர் என்பவருடன் சேர்ந்து 1993இல் எழுதிய கட்டுரை இன்றும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

உடலுக்குள் இருக்கும் கருவிகளும் பிழைக்கு அப்பாற்பட்டவை அல்ல. நார்வே நாட்டைச் சேர்ந்த மேரி மோ என்பவர் கணிப்பொறிப் பாதுகாப்பு ஆய்வாளர். தாமே பேஸ்மேக்கர் அணிந்தவர். இலண்டன் மாநகரின் இரயில் நிலையம் ஒன்றில் படியேறும்போது திடீரென அவருக்கு மூச்சு வாங்கிற்று, உடல் சோர்ந்து போயிற்று. வயதானவர்களுக்கு ஏற்ற அளவு அவர் கருவியில் வைக்கப்பட்டிருந்ததும், மருத்துவர் கருவியைப் படித்துப் பார்க்கும் இயந்திரத்தின் மென்பொருள் தவறான அளவைத் திரையில் காட்டியதும் பல மாதங்களுக்குப் பிறகே தெரிய வந்தன. அமெரிக்க வழக்கறிஞர் கேரன் சாண்ட்லரின் அனுபவம் வேறு வகை. அவருக்கு டிஃபிப்ரிலேட்டர் பொருத்தப்பட்டிருந்தது. கருவுற்றிருந்த காலத்தில் இயல்பாக விரைந்த துடிப்பை ஆபத்து என்று கருவி தவறாக எண்ணி, அவருக்குத் தேவையற்ற மின் அதிர்ச்சி கொடுத்தது. "என் உடலுக்குள் இருக்கும் மென்பொருளை நான் படித்துப் பார்க்கலாமா?" என்பதே அவர் நெடுநாளாக எழுப்பி வரும் கேள்வி. கருவியைத் தயாரித்தவர்கள் அதற்கு இசையவில்லை.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றே நாங்கள் நினைக்கிறோம். மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இதயத்துக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் ஏன் மூடி வைக்க வேண்டும்? "வெளியே தெரிந்தால் தீயவர்கள் பயன்படுத்திக் கொள்வார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அந்த அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. 2008இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஒரு டிஃபிப்ரிலேட்டரை ஆய்வுக்கூடத்தில் வைத்து, கம்பியில்லாமல் வானொலி அலை வழியே அதன் அளவுகளை மாற்றிக் காட்டினார்கள். எழுத்து மூடியிருந்தபோதே அவர்களால் இதைச் செய்ய முடிந்தது. மூடி வைப்பதே பாதுகாப்பு ஆகி விடாது என்பதை அதுவே காட்டவில்லையா? குறைந்தது, தயாரிப்போரைச் சாராத அறிஞர்கள் படித்துப் பார்க்கவாவது வழி இருக்க வேண்டும்.

குறையை வெளிப்படையாகச் சொல்லித் திருத்த முடியும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2017 ஆகஸ்ட் மாதம், பேஸ்மேக்கர் வகை சிலவற்றை அயலார் கம்பியில்லா வழியில் அணுகக் கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4,65,000 கருவிகளுக்கு இது பொருந்தும். எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக அப்போது செய்தி இல்லை. ஆயினும் திருத்திய ஃபர்ம்வேர் தயாராயிற்று. நோயாளி மருத்துவரிடம் நேரில் வர வேண்டும். மூன்று நிமிடத்தில் புதிய மென்பொருள் ஏறி விடும். அந்த மூன்று நிமிடமும் கருவி நிமிடத்துக்கு 67 துடிப்பு என்னும் மாற்று வழியில் ஓடும். அறுவை ஏதும் தேவைப்படவில்லை. மனிதர் நாற்காலியில் அமர்ந்திருக்க, அவர் இதயத்தின் துணைக்கு உள்ளிருக்கும் எழுத்து மாறுகிறது! அந்த மூன்று நிமிடத்துக்குப் பின்னே எத்தனை பேருடைய எத்தனை நாள் சோதனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே நாங்கள் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இயற்பியல் செய்முறை வகுப்பில் குவிலென்சின் குவியத் தொலைவைக் காணும்போது, எங்கள் அளவு சரியாக வராவிட்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்க்கிறோம். வர வேண்டிய விடை என்னவென்று தெரிந்து கொண்டு, அதற்கேற்ப அளவுகளை எழுதுகிறோம். தவறாக எழுதியதை ரப்பரால் சுத்தமாக அழித்து விடுகிறோம். ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. யாருக்கும் நட்டமில்லை என்று எண்ணிக் கொள்கிறோம்.

ஆனால் அதே கை நாளை பேஸ்மேக்கரின் சோதனை அறிக்கையை எழுதினால்? நூறு முறை சோதித்ததில் ஒரு முறை மட்டும் விடை மாறி வந்தது. அந்த ஒன்றை விட்டு விடலாம் என்று தோன்றினால்? அத்தொழிலில் அந்த ஒரு முறையே முக்கியமானது. அங்கே ரப்பருக்கு இடமில்லை. தவறும் தேதியோடு, திருத்தியவர் பெயரோடு பதிவில் நிற்க வேண்டும். "இது ஏன் நடந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, தெரியும் வரை கருவியை வெளியே அனுப்பக் கூடாது" என்று மேலதிகாரியின் முன் நின்று சொல்லும் துணிவு வேண்டும். அத்துணிவைக் கல்லூரியில் சேர்ந்த பின் ஒரு பாடமாகப் படித்துக் கொள்ளலாம் என்பதை எங்களால் நம்ப முடியவில்லை. லென்சு தாங்கியின் முன் நிற்கும் இந்த வயதிலேயே அது தொடங்க வேண்டும். ஆகவே, எங்கள் அளவு தவறாக வந்தால் தவறாகவே எழுதி, ஏன் தவறாக வந்தது என்று ஆசிரியையிடம் கேட்பதென்று எங்களில் சிலர் தீர்மானித்திருக்கிறோம். ஆசிரியையர் மதிப்பெண்ணைச் சற்றுக் கருணையோடு இடுவார்களாக!

எங்கள் கருத்துக்கு மறுப்புச் சொல்வோரும் உண்டு. "இக்கருவிகள் விலை உயர்ந்தவை, பணக்காரருக்கே பயன்படும், இதில் தொண்டு எங்கே?" என்று கேட்கலாம். விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்துக் கிருமி நீக்கம் செய்த கருவிகளைக் கனடாவிலிருந்து மெக்சிகோ, குவாதமாலா போன்ற நாடுகளின் ஏழை நோயாளிகளுக்கு அனுப்பிப் பொருத்தியதில், புதிய கருவி பெற்றவர்களைக் காட்டிலும் தொற்றுநோயோ, கருவியால் வரும் மரணமோ கூடவில்லை என்று 2020இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஒரு மனிதரின் இதயத்தைத் தாங்கிய பின்னும் இன்னொருவருக்குப் பயன்படும் வகையில் கருவி உழைக்கிறது என்றால், அதில் பேட்டரியைச் சிக்கனமாகக் காத்த ஃபர்ம்வேருக்கும் பங்கில்லையா? விலை குறைய வேண்டும் என்று கேட்போம். அதைக் குறைக்கும் அறிவு நம்மிடையே வளர வேண்டும் என்றும் கேட்போம்.

"பெண்களுக்கு ஏன் இந்தக் கடின வேலை?" என்பது அடுத்த மறுப்பு. இதுவரை நாம் கண்ட எல்ஸ் மேரி, டைலர் நகரப் பெண், நான்சி லெவ்சன், மேரி மோ, கேரன் சாண்ட்லர் ஆகியோரே அதற்குப் பதில். ஒருவர் வற்புறுத்தினார், ஒருவர் நினைவு கூர்ந்தார், ஒருவர் ஆராய்ந்தார், இருவர் தம் உடலையே சான்றாக வைத்துக் கேள்வி கேட்டனர். பொறுமையும் கவனமும் பெண்களுக்கு அழகு என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். அடுப்படிக்கும் தையலுக்கும் மட்டுமா அவை அழகு? ஓர் உயிரைத் தாங்கும் கட்டளையை எழுதுவதற்கும் அவையே தேவை என்று நாம் திருப்பிச் சொல்வோம்.

"சம்பளம் எப்படி?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. விரைவில் பெயரும் பணமும் தரும் கணிப்பொறி வேலைகள் வேறு உண்டு. இது மெதுவான வேலை. ஒரு கருவி மருத்துவர் கைக்குப் போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் இதுவும் ஒரு முழுமையான தொழிலே. மின்னணுவியல், கணிப்பொறி அறிவியல், உயிர் மருத்துவப் பொறியியல் ஆகிய எந்த வாயிலின் வழியாகவும் இதற்குள் நுழையலாம். கணிதமும் இயற்பியலும் அடித்தளமாக அமைய, உடலின் இயக்கத்தை அறியும் ஆவலும் சேர வேண்டும். பெங்களூரு, ஐதராபாத் போன்ற நம் நாட்டு நகரங்களிலும் மருத்துவக் கருவிகளுக்கான பொறியியல் பணி நடைபெறுகிறது. ஆகவே கணிப்பொறிப் பிரிவை எடுத்தவள் உயிரியலை மறக்க வேண்டியதில்லை. உயிரியலை எடுத்தவள் கணிதத்துக்கு அஞ்ச வேண்டியதுமில்லை. நாம் முதலில் சொன்ன அந்தச் சுவரில் இதோ ஒரு கதவு இருக்கிறது.

இறுதியாக ஒன்று. மருத்துவரை நோயாளி நன்றியோடு நினைப்பார். செவிலியரின் கையைப் பிடித்துக் கொள்வார். ஆனால் தம் மார்புக்குள் இருந்து, இரவு இரண்டு மணிக்கு, இதயம் ஒரு துடிப்பைத் தவற விடும் கணத்தில் விழித்துக் கொள்ளும் அந்தக் கட்டளையை எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியாது. எழுதியவருக்கும் அவரைத் தெரியாது. நன்றியை எதிர்பார்க்க முடியாத உதவி அது. பெயர் தெரியாமல் செய்யும் பணியின் மேன்மையை நமக்குப் போதித்து வரும் அருட்சகோதரியருக்கு இதை நாங்கள் விளக்க வேண்டுவதில்லை.

அன்புள்ள பெற்றோரே! உங்கள் மகள் கணிப்பொறியின் முன் அமர விரும்பினால், அவள் தொண்டை விட்டுச் செல்கிறாள் என்று எண்ண வேண்டாம். என்ன எழுதப் போகிறாய், யாருக்காக எழுதப் போகிறாய் என்று அவளைக் கேளுங்கள். அன்புத் தோழியரே! அடுத்த முறை யாராவது "என்ன குரூப்?" என்று நம்மிடம் கேட்டால், பிரிவின் பெயரோடு நம் விடை முடிந்து விட வேண்டாம். எதை எடுத்தாலும் நம் எழுத்தை நம்பி ஓர் இதயம் துடிக்கக் கூடும் என்ற நினைவோடு எடுப்போம். அதற்கான பயிற்சியை அடுத்த செய்முறை வகுப்பிலேயே, ரப்பரைப் பெட்டிக்குள் வைத்து விட்டுத் தொடங்குவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி